ஆர் மென்பொருளில் இடைத்தாக்கம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் சென்ற கிழமை தொலைபேசியில் கேட்டார்: "அக்கா, என்னுடைய ஆய்வுக்கு ஆர் போதுமா, அல்லது காசு கொடுத்து வேறு ஏதாவது எடுக்க வேண்டுமா?" வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கமும் மதுப் பழக்கமும் ஒருவரிடமே சேரும்போது, வாய்ப்புற்றுநோய்க்கு முன் தோன்றும் மாற்றங்கள் எவ்வளவு கூடுகின்றன என்பதுதான் அவருடைய ஆய்வு. புகையிலைத் தோட்டங்களும் சுருட்டுக் கொட்டில்களும் கண்ட யாழ்ப்பாணத்துக்கு இதைவிட வேண்டிய கேள்வி எது? போதும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பதைத் தொலைபேசியில் சொல்லி முடியாது.

நான் கொக்குவிலில் இருந்துகொண்டு மருத்துவ ஆய்வாளர்களுக்குப் புள்ளிவிபரக் கணிப்புச் செய்து கொடுப்பவள். ஆர் (R) என்பது புள்ளிவிபரக் கணிப்புக்கான இலவச மென்பொருள்; அதை எப்படி நிறுவுவது என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. காரணிகளின் இடைத்தாக்கத்தை, அதாவது ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவதைப் பார்க்கும் வேலைக்கு அது எப்படி உழைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. உரிமக் கட்டணத்தை டொலரில் கட்ட வேண்டிய மென்பொருள் பொதிகளைப் புதுப்பிக்க முடியாமல் பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் றொபேட் ஜென்டில்மனும் தொடங்கிவைத்த ஆருக்கு அன்றும் விலை பூச்சியம், இன்றும் பூச்சியம். இணையமில்லாமல், மடிக்கணினியின் மின்கலத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் கணித்து முடித்துவிடலாம். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்போடு விண்டோஸ் கணினியிலும் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. அதற்கு முன் தமிழில் பெயரிட்ட தரவைத் திறந்தால், எழுத்துகளுக்குப் பதிலாகக் கோண அடைப்புகளுக்குள் குறியீட்டு எண்களைக் கொட்டும்.

எனக்கு உண்மையான மகிழ்ச்சி தந்தது ஒரு சிறு குறி. சூத்திரத்தில் இரண்டு காரணிகளுக்கு நடுவே * போட்டால், முதலாவதன் விளைவு, இரண்டாவதன் விளைவு, இரண்டும் சேர்வதால் வரும் மேலதிக விளைவு ஆகிய மூன்றையும் ஆர் எடுத்துக்கொள்ளும். சேர்க்கை மட்டும் வேண்டுமென்றால் : போதும். இந்தச் சிந்தனை வயலில் பிறந்தது. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இருந்த ரொனால்ட் பிஷர், ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பது வீண் என்றும் பல கேள்விகளைச் சேர்த்தே இயற்கையிடம் கேட்க வேண்டும் என்றும் 1926இல் வாதிட்டார். எங்கள் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் வைத்தவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் இறைக்காமல் போட்ட யூரியாவின் பயன் வேறு, இறைத்த பிறகு போட்டதன் பயன் வேறு. அந்த அறிவு முழுவதையும் ஒரு குறிக்குள் அடக்கியவர்களுக்கு நான் கடமைப்பட்டவள்.

இனி என் கோபம்.

கேள்வித்தாளில் நாங்கள் "ஆம்", "இல்லை" என்று தமிழில்தான் குறிக்கிறோம். அதை அப்படியே தட்டச்சுச் செய்து ஆருக்குக் கொடுத்தால், அகரவரிசையில் முன்னால் நிற்பதை அது அடிப்படைக் குழுவாக, அதாவது மற்றவர்களை ஒப்பிடும் குழுவாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் "நோ" முந்தும், "யெஸ்" பிந்தும். ஆகவே பழக்கமில்லாதவர்கள் அடிப்படையாக அமைவார்கள், எல்லாம் நேராக இருக்கும். தமிழில் ஆவன்னா முதலில், இனா பிறகு. அதனால் வெற்றிலை மெல்லுபவரும் மது அருந்துபவரும் அடிப்படையாகிவிடுவார்கள். விடையின் கடைசி வரியில் "வெற்றிலைஇல்லை:மதுஇல்லை" என்று இடைவெளிகூட இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஒரு பெயர் வரும். அதற்கு எதிரே ஒரு குணகம் (விளைவின் அளவு), ஒரு பி பெறுமானம் (விளைவே இல்லாதபோதும் இப்படி ஒரு விடை தற்செயலாக வரும் நிகழ்தகவு). எந்தக் குழுவோடு ஒப்பிட்ட விடை இது என்று அந்த அட்டவணையில் எங்கும் எழுதியிருக்காது.

பெருக்கல் வடிவிலான இடைத்தாக்கம் (கீழே விளக்குகிறேன்) மட்டும் வேண்டுமென்றால் இதில் பெரிய கேடில்லை. இரண்டு காரணிகளும் சேர்ந்து தலைகீழானால் அந்தக் குணகம் மாறாது. அதற்கு மேலுள்ள இரண்டு வரிகளில்தான் மாணவர்கள் விழுகிறார்கள். இடைத்தாக்கம் சூத்திரத்தில் இருக்கும்போது "வெற்றிலை" என்ற வரி வெற்றிலையின் பொதுவான விளைவைச் சொல்வதல்ல. மற்றக் காரணியின் அடிப்படைக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அடிப்படை "ஆம்" ஆகிவிட்டால், மது அருந்துபவர்களிடையே வெற்றிலை மெல்லாமல் இருப்பதன் விளைவாக அது மாறிவிடும். இதைப் "பிரதான விளைவு" என்று தலைப்பிட்டு அச்சிட்ட ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பார்த்தபோது வயிறு எரிந்தது. திருத்துவதற்கு ஒரு வரி போதும்: அடிப்படைக் குழு எதுவென்று நீங்களே சொல்லிவிடுங்கள். அல்லது கேள்வித்தாளிலேயே "உண்டு", "இல்லை" என்று குறியுங்கள். அப்போது இனா முந்திக்கொள்ளும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அளவுகோல் விடயத்தைப் பொறுக்க முடியவில்லை.

நோய் உண்டா இல்லையா என்பது போன்ற விடைக்குப் பயன்படும் லாஜிஸ்டிக் மாதிரியுருவில் * போட்டுக் கேட்டால் ஆர் பெருக்கல் அளவுகோலில் பதில் சொல்லும். அதாவது, இரண்டு காரணிகளின் விகிதங்களையும் பெருக்கி வருவதைவிட உண்மை கூடுதலா, குறைவா என்று பார்க்கும். பொதுச் சுகாதாரத்துக்கு வேண்டிய கேள்வி பெரும்பாலும் அதுவல்ல. இரண்டின் சுமையையும் கூட்டி வருவதைவிட எத்தனை பேர் மேலதிகமாக நோயாளியாகிறார்கள் என்பதே எங்களுக்கு வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் எதிரெதிரான பதில்கள் வரலாம்.

1979இல் ஹமண்ட், செலிகொஃப், சைட்மன் ஆகியோர் வெளியிட்ட அஸ்பெஸ்டஸ் தொழிலாளர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோய் இறப்பு, 100,000 ஆள்-ஆண்டுகளுக்கு (ஒருவரை ஓராண்டு கவனித்தால் ஓர் ஆள்-ஆண்டு): அஸ்பெஸ்டஸும் புகையும் இல்லாதவரிடம் 11.3, அஸ்பெஸ்டஸ் மட்டும் உள்ளவரிடம் 58.4, புகை மட்டும் உள்ளவரிடம் 122.6, இரண்டும் உள்ளவரிடம் 601.6. இரண்டும் இல்லாதவரோடு விகிதமாக்கினால் அஸ்பெஸ்டஸுக்கு 5.2, புகைக்கு 10.8, இரண்டுக்கும் சேர்த்து 53.2. முதல் இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 56. அப்படியென்றால் பெருக்கல் அளவுகோலில் இடைத்தாக்கம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் எதிர்பார்க்க வேண்டியது 169.7 (58.4 + 122.6 − 11.3), கண்டதோ 601.6. இடையிலுள்ள 432 இறப்புகள் இரண்டும் சேர்ந்ததால் வந்தவை! அஸ்பெஸ்டஸோடு வேலை செய்பவர் புகைக்காமல் இருந்தால் 543 இறப்புகள் குறையும்; மற்றவர் புகைக்காமல் இருந்தால் 111. முதலில் யாரிடம் போக வேண்டும் என்பதில் இதற்குப் பிறகும் ஐயம் வருமா? பெருக்கல் விடையை மட்டும் வாசித்தவர் "இடைத்தாக்கம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

கூட்டல் அளவுகோலை ஆரால் தர முடியாதென்று நான் சொல்லவில்லை. நோய்ப்பரவலியல் அறிஞர் கெனத் ரொத்மன் வழிவந்த, இடைத்தாக்கத்தால் ஏற்படும் மேலதிக இடர் அளவை நம்பிக்கை ஆயிடையோடு (உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சோடு) கணித்துத் தர எபிஆர், இன்டராக்ஷன்ஆர் என்று தனிப் பொதிகள் இருக்கின்றன. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அடிப்படைக் குழுவின் சிக்கல் இங்கேதான் கடிக்கும். மேலே சொன்ன தரவில் அந்த அளவு 38.2. அடிப்படை தலைகீழாகி, இரண்டும் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் அதே தரவுக்கு 0.72 வரும். கணக்கில் பிழையில்லை, எண் மட்டும் வேறு. "ஆம், இல்லை" என்று தட்டச்சுச் செய்த எந்த மாணவிக்கும் இது நடக்கலாம். நோல், வாண்டர்வீல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2012இலேயே தெளிவாக எழுதிவைத்தார்கள்: நான்கு குழுக்களையும் ஒரே அடிப்படையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், இரண்டு அளவுகோல்களிலும் இடைத்தாக்கத்தைக் கொடுங்கள் என்று. இத்தனை ஆண்டுகள் போன பின்பும் ஆரின் வழக்கமான சுருக்க விடையில் அதற்கு ஒரு வரி இடமில்லை. தெரிந்து கேட்பவருக்குத்தான் தருகிறது. யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்து ஆய்வேடு எழுதும் ஒருவருக்குக் கேட்கத் தெரியாமல் இருப்பது அவருடைய குற்றமா?

தம்பிக்குச் சொல்ல வேண்டியதில் கடினமான பகுதி ஆட்களின் தொகை பற்றியது. நான்கு குழுக்களும் சமமாக இருக்கும் நல்ல நிலையிலேயே, இடைத்தாக்கத்தின் நியம வழு (மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்பதன் அளவு) தனிக் காரணியின் விளைவுக்குரியதைப் போல் இரு மடங்கு. அதே அளவான இடைத்தாக்கத்தைப் பிடிக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். பாதி அளவானதைப் பிடிக்க 16 மடங்கு. சில நூறு பேரை வைத்துக்கொண்டு * போட்டால் ஆர் மறுக்காமல் ஒரு பி பெறுமானம் தரும். அது வழக்கமான எல்லையான 0.05க்கு மேல் வந்ததும் "இடைத்தாக்கம் இல்லை" என்று முடிவுரை எழுதப்படும். அந்தத் தொகையால் எதையும் சொல்ல முடியாது என்பதே உண்மை. ஆகவே, தம்பி, முதலில் நான்கு கட்டம் கீறி ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எழுதிப் பாருங்கள். வெற்றிலையும் மதுவும் சேர்ந்த கட்டத்தில் ஒருசிலரே இருந்தால் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் அஸ்பிரினையும் சோதித்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற மருத்துவ ஆய்வில், உபகுழுக்களைக் கண்டபடி பிரித்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காகவே நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் அஸ்பிரினால் தீங்கு என்பதுபோல ஒரு விடை வந்தது. மற்ற ராசிகளுக்குப் பெரும் நன்மை. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிலர் நம்பிவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். காரணிகள் பத்து இருந்தால் இரண்டிரண்டாக 45 சோடிகள். ஆர் ஒரே வரியில் அத்தனையையும் கணித்துத் தரும், ஒன்றிரண்டு தற்செயலாகவே 0.05க்குக் கீழே விழும். எந்தச் சோடியைப் பார்க்கப் போகிறோம் என்று தரவு சேர்க்கும் முன்பே எழுதிவைத்தவரிடம் மட்டுமே இந்த மென்பொருள் பாதுகாப்பாக இருக்கும்.

காசு கொடுத்து வாங்கும் பொதிகளிலும் லாஜிஸ்டிக் என்றால் இதே பெருக்கல் அளவுகோல்தான். அதற்காக ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். என்னுடைய மடிக்கணினியில் அண்மையில் வன்தட்டு மாற்ற வேண்டி வந்தபோது, திருத்தி வந்த அன்றே முதலில் நிறுவியது ஆரைத்தான். இடைத்தாக்கத்துக்கு இதைவிட ஆழமான கருவி என் கையில் இல்லை. இருந்தும், துணைக்கு ஆளில்லாமல் முதல் ஆய்வு செய்பவருக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா என்று இன்று கேட்டால், மாட்டேன். ஐந்துக்கு இரண்டரை. விடையின் மேல் வரியில் அடிப்படைக் குழு எது, அளவுகோல் எது என்று அது தானாக எழுதும் நாளில் மீதி இரண்டரையையும் தருகிறேன்.