பேச்சு தாமதமாகும் குழந்தை: காத்திருப்பதா, தெரபி மையமா, வீடா?

இரண்டு வயது நிறைந்தும் குழந்தை ஐந்தாறு வார்த்தைகளைத் தாண்டவில்லை என்றால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்பார் பாட்டி. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பீச் தெரபி மையத்தின் எண்ணைக் கொடுப்பார். பாலர் பள்ளியில் விட்டால் தானாக வந்துவிடும் என்பார் சித்தி. கைபேசியில் பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லவும் ஆள் உண்டு. வசம்பை உரைத்து நாக்கில் தடவும் வீடுகளும் இருக்கின்றன. அதை நான் போட்டியில் சேர்க்கவில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் காது கேட்கும் சோதனை முதலில் முடிந்திருக்க வேண்டும். கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான் என்பது போதாது. பெரிய சத்தம் கேட்டும், பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்பது மங்கும். ஓஏஇ, பெரா ஆகிய செவிச் சோதனைகளுக்குக் குழந்தை எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை, தூங்கும்போதே எடுத்துவிடலாம்.

இனி பாட்டியின் கட்சி. அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. இரண்டு வயதில் ஐம்பது வார்த்தைகூட இல்லாமல், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாமல் இருக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். சில குறிகள் உதவும். சொல்வதைப் புரிந்துகொள்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பறவையைக் கண்டால் "பார்" என்பதுபோல நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, பொம்மைக்குச் சோறூட்டி விளையாடுகிறதா? இவையெல்லாம் இருந்தால், பரிசோதனையை முடித்துவிட்டுப் பயிற்சிக்குக் காத்திருப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. அப்போதும் மூன்று மாதம் என்று நாள் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு வயதில் மழலை ஒலியோ சைகையோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். இருந்த பேச்சு குறைந்துபோனால் எந்த வயதாக இருந்தாலும் உடனே போக வேண்டும். இதில் பாட்டியோடு சமரசம் கிடையாது.

கைபேசிக் கட்சியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2003இல் குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீஷியா கூல் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நேரில் ஆள் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆள் காணொளியில் பேசினார். நேரில் கேட்டவர்கள் அம்மொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். காணொளி பார்த்தவர்களுக்கு எதுவும் ஒட்டவில்லை. திரை பதிலுக்குக் காத்திருக்காது, குழந்தை எங்கே பார்க்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளை இருபத்தாறும் ஒப்பிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாத விந்தை இப்படித்தான் நேர்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், உறவினரோடு காணொளி அழைப்பு மட்டும் விதிவிலக்கு என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை, பெரியவர் மேற்பார்வையில், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

பாலர் பள்ளியைப் பற்றி என் கருத்து அரைமனதானது. விளையாட, பழக, வரிசையில் நிற்க அது நல்லது. ஆனால் இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை இருக்கும் அறையில், வாய் திறக்காத பிள்ளைதான் எல்லோருக்கும் வசதியான பிள்ளை. வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லும் பள்ளியின் அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் பேசும் தாயிடம் கொஞ்சலும் கதையும் குறைந்துபோவதுதான் மிச்சம்.

உண்மையான போட்டி மையத்துக்கும் வீட்டுக்கும்தான். மையத்தில் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். பிரச்சினை புரிதலிலா, ஒலிப்பிலா, சமூக உறவாடலிலா என்று பிரித்துச் சொல்ல அவரால்தான் முடியும். எந்த வீட்டு வைத்தியமும் அதற்கு ஈடில்லை. அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி. குழந்தை விழித்திருப்பதோ வாரத்துக்கு எண்பது மணி நேரத்துக்கு மேல். அதை யார் நிரப்புவது?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2003இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நிபுணர் நேரடியாக அளித்த பயிற்சிக்கும் நிபுணரிடம் கற்ற பெற்றோர் அளித்த பயிற்சிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்றது. ‘கற்ற’ என்பதை விட்டுவிடக் கூடாது. "நாங்கள் நிறையப் பேசுகிறோமே" என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். கூர்ந்து பார்த்தால் அதில் பாதி "இது என்ன, அது என்ன" என்ற பரீட்சை. மீதி "வா, உட்கார், தொடாதே". விருந்தினர் வந்தால் "மாமாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டு" வேறு.

மையத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை கேட்க எளியவை, செய்யக் கடினமானவை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுவது. பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டு ஐந்து வரை மனத்துக்குள் எண்ணுவது. இதுதான் பெரியவர்களுக்கு முடிவதே இல்லை. "பால்" என்றால் "சூடான பால்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பித் தருவது. பிஸ்கட் டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. கண்ணைப் பார்த்தே தண்ணீர் கொண்டுவந்துவிடும் பாட்டி இருக்கும் வீட்டில் குழந்தை எதற்காகக் கேட்க வேண்டும்? நிறங்களையும் விலங்குகளையும் ஒப்பிக்க வைப்பதைவிட "தா", "திற", "ஊற்று" போன்ற காரியச் சொற்கள் முதலில் பயன்படும்.

ஆகவே என் தேர்வு, வீட்டாருக்குச் சொல்லித்தரும் மையம். குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு, முக்கால் மணி கழித்து "இன்று நன்றாகச் செய்தான்" என்று திருப்பித் தரும் இடத்துக்கு எவ்வளவு பெயர் இருந்தாலும் என் மதிப்பெண் குறைவுதான். உள்ளே உட்காரலாமா, இந்த வாரம் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். செவித்திறன் குறைவோ ஆட்டிசமோ உறுதியானால் கணக்கு மாறும். அங்கே நிபுணரின் நேரடிப் பங்கு பெரிது, தொடர்ச்சியும் வேண்டும்.

கட்டணம் தடையாக இருந்தால், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் அனுப்பும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் சிகிச்சை இலவசம். தூரமும் ஒருநாள் கூலியும்தான் அங்கே பெரிய செலவு. வாரந்தோறும் போக முடியாதவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை வந்து கற்றுக்கொள்ளும்படி திட்டம் போட்டுத் தரக் கேட்கலாம். அப்படிப் போகும்போது, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியாக இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.