உணவுக்குழாய் சிகிச்சைக்குப் பிறகு நெஞ்சு வலித்தால், எக்ஸ்ரேயோடு வீடு திரும்பாதீர்கள்

பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் அப்பாவுக்கு நடந்தது இது. இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது.

அப்பாவுக்குச் சோறு இறங்காமல் நெஞ்சிலேயே அடைத்தது. உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறது, பலூன் விட்டு விரித்தால் சரியாகிவிடும் என்றார்கள். காலையில் செய்தார்கள். மதியத்துக்குள் நெஞ்சு வலி முதுகு வரை இழுத்தது. சாயங்காலம் கழுத்தில் தைலம் தேய்த்த அம்மா சட்டென்று கையை எடுத்தார். "தொட்டுப் பாரும்மா, உள்ளே என்னமோ நறநறங்குது" என்றார். தொட்டேன். சோளமாவுப் பாக்கெட்டை அழுத்தினால் விரலுக்குத் தெரியுமே, அதே மாதிரி.

டாக்டரிடம் சொன்னோம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஒன்றுமில்லை, வாயுதான்" என்று மாத்திரை கொடுத்து, பில்லைக் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கழுத்தை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாலம் தாண்டி பட்டர்வொர்த் வந்தோம். விடியற்காலையில் காய்ச்சல், மூச்சுத் திணறல். அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இளம் டாக்டர் ஒருவர் முதலில் கழுத்தைத்தான் அழுத்திப் பார்த்தார். உடனே ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் குடிக்க வைத்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் இறங்க வேண்டிய மருந்து, வெள்ளையாக நெஞ்சின் இடது பக்கம் கசிந்திருந்தது. குழாயில் ஓட்டை. கழுத்தில் நறநறத்தது அந்த ஓட்டை வழியாக வெளியேறிய காற்று.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. உணவுக்குழாயில் விழும் ஓட்டைகளில் பாதிக்கு மேல் இப்படிச் சிகிச்சையின்போது கருவி பட்டு விழுபவைதானாம். முதல் சில மணி நேரத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம்; அதனால்தான் கான்ட்ராஸ்ட் குடிக்க வைத்துப் பார்க்கிறார்கள். அதிலும் முதலில் தண்ணீரில் கரையும் மருந்து, ஏனென்றால் இன்னொரு வகை கான்ட்ராஸ்டான பேரியம் கசிந்தால் நெஞ்சுக்குள் புண்ணாக்கும். 24 மணி நேரம் தாண்டினால் உயிருக்கு ஆபத்து வெகுவாகக் கூடும்.

அப்பா பிழைத்தார். பிறகு அந்தத் தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். கழுத்தருகே மெல்லிய காற்றுக் கோடு தெரிகிறது, சி.டி. எடுக்கவும் என்று மறுநாள் காலை எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

வலியோ கழுத்து வீக்கமோ இருந்தால், கான்ட்ராஸ்ட் சி.டி. எடுக்காமல் கிளம்பாதீர்கள். எக்ஸ்ரே அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். மலேசியாவின் 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி தனியார் மருத்துவமனைகள் நோயாளிகளின் புகாரை விசாரிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அப்பா இன்னும் கஞ்சிதான் குடிக்கிறார்.