ஆரோக்கிய உணவகத்தில் ஒயின் பட்டியல்: ட்ரூ ஃபுட் கிச்சனா, சீசன்ஸ் 52-வா?

உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு என்று சொல்லியே வளர்ந்த இரண்டு அமெரிக்க உணவகச் சங்கிலிகள் ஒயினை நேரெதிர் வழிகளில் அணுகுகின்றன. டாக்டர் ஆண்ட்ரூ வைலின் அழற்சி தணிக்கும் உணவுமுறையை வைத்து, உணவகத் தொழிலில் பெயர் பெற்ற சாம் ஃபாக்ஸ் 2008-ல் ஃபீனிக்ஸில் தொடங்கியது ட்ரூ ஃபுட் கிச்சன். பல உணவகச் சங்கிலிகளை நடத்தும் டார்டன் நிறுவனம் 2003-ல் ஆர்லாண்டோவில் தொடங்கியது சீசன்ஸ் 52. எந்த உணவும் 475 கலோரியைத் தாண்டாது என்பதுதான் ஆரம்பத்தில் அதன் அடையாளம். பிறகு அந்த வரம்பு 595 ஆனது.

ட்ரூ ஃபுட் கிச்சன் முன்னிறுத்துவது திராட்சை எப்படி விளைந்தது என்பதை. ஆர்கானிக், பயோடைனமிக், நிலத்தைக் கெடுக்காத சாகுபடி என்ற சொற்கள் அங்கே முன்வரிசையில் நிற்கும். சீசன்ஸ் 52 முன்னிறுத்துவது தேர்வுக்கான இடத்தை. மாஸ்டர் சொமெலியே (ஒயின் வல்லுநர்களுக்கான உயர்ந்த பட்டம்) பெற்ற ஜார்ஜ் மிலியோட்டிஸ் உருவாக்கிய பட்டியலில் 52 ஒயின்களை கிளாஸ் கணக்கில் வாங்கலாம் என்பதுதான் பேச்சு. பட்டியல்கள் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் தனித்தனி பாட்டில்களை விட்டுவிட்டு இரண்டு போக்குகளையும் எடைபோடுகிறேன். என் ஓட்டு சீசன்ஸ் 52-வின் போக்குக்கு.

ஆரோக்கிய உணவகத்தில் உட்காருபவருக்கு முதலில் தெரிய வேண்டியது ஒயினின் ஆல்கஹால் அளவு. 150 மில்லி கிளாஸில் 13 சதவீத ஒயின் என்றால் சுமார் 15 கிராம் ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி வீதம் அதிலிருந்து மட்டும் 108 கலோரி வந்துவிடுகிறது. நன்கு உலர்ந்த, அதாவது இனிப்பே தெரியாத, ஒயினில் மிஞ்சும் சர்க்கரையால் கூடுவது இரண்டு மூன்று கலோரிதான். "சர்க்கரை இல்லாத ஒயின்" என்று விளம்பரப்படுத்தி விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

இரண்டு கிளாஸை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று 15 சதவீத ஆல்கஹால் உள்ள கலிஃபோர்னியா ஜின்ஃபண்டெல் என்ற சிவப்பு ஒயின். நாக்கில் இனிப்பே தட்டாது. இன்னொன்று ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் காபினெட் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், 8.5 சதவீத ஆல்கஹால், லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரை, குடித்த உடனேயே இனிப்பு தெரியும். முதல் கிளாஸில் ஆல்கஹாலால் மட்டும் 124 கலோரி. இரண்டாவதில் சர்க்கரையையும் சேர்த்தே 97 தான். இனிப்பாக இருக்கிறதே என்று ரீஸ்லிங்கை ஒதுக்கிவிட்டு ஜின்ஃபண்டெல் கேட்பவர் கலோரியையும் ஆல்கஹாலையும் கூட்டிக்கொள்கிறார். ஆர்கானிக் முத்திரை இந்த இடத்தில் எந்த உதவியும் செய்யாது. ஆர்கானிக் திராட்சையிலும் 15 சதவீத ஒயின் தாராளமாகச் செய்யலாம்.

20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள சங்கிலிகள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்ற அமெரிக்க விதி 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. மெனுவில் உள்ள மதுவுக்கும் அது பொருந்தும். ஆனால் கலோரியைப் பார்த்து ஆல்கஹாலைக் கண்டுபிடிக்க முடியாது. 8.5, 11, 13, 15 என்ற எண்ணை ஒவ்வொரு ஒயினின் பெயருக்குப் பக்கத்திலும் அச்சிடுவதுதான் ஓர் ஆரோக்கிய உணவகம் செய்யக்கூடிய மிக நேர்மையான காரியம். எண் பெரும்பாலும் ஏற்கெனவே பாட்டில் லேபிளில் இருக்கிறது, எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அது அச்சாகாத இடத்தில், பணியாளரிடம் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி லேபிளைப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதனால் ட்ரூ ஃபுட் கிச்சனின் போக்கு வெறும் விளம்பரம் என்று ஆகிவிடாது. தோட்டத்தில் வேலை செய்பவரின் மூச்சுக்காற்றுக்கும் அங்குள்ள மண்ணுக்கும் ரசாயனம் குறைவது பெரிய விஷயம், அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் முத்திரைகள் ஒரே தரம் கிடையாது. அமெரிக்காவில் "ஆர்கானிக் ஒயின்" என்றால், ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட்டைச் சேர்க்கவே கூடாது. "ஆர்கானிக் திராட்சையில் செய்தது" என்றால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை இருக்கலாம். சாதாரண ஒயினுக்கு உச்சவரம்பு 350. ஐரோப்பிய ஆர்கானிக் விதியோ சல்ஃபைட் சேர்க்க அனுமதிக்கிறது: உலர்ந்த சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளைக்கு 150. ஆர்கானிக் தோட்டங்களில் பூஞ்சைக்குச் செம்பு மருந்து அடிக்கவும் அனுமதி உண்டு. பயோடைனமிக் விவசாய முறை ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் 1924-ல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து மண்ணில் புதைக்கும் சடங்கும் அதில் அடக்கம். நிலத்தின் மேல் அக்கறையுள்ள பலர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் குடிப்பவரின் உடம்புக்கு அது எதையும் உத்தரவாதம் செய்வதில்லை. பட்டியலில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை இலைக் குறி போட்டிருந்தால், அந்தக் குறியால் வாசிப்பவருக்குப் பயனில்லை.

தலைவலிக்குச் சல்ஃபைட்டைக் குறை சொல்பவர்கள் நிறைய. பொன்னிறம் மாறாமல் விற்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டில் ஒயினைவிடப் பல மடங்கு சல்ஃபைட் இருக்கிறது, அதைத் தின்று தலைவலி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் உண்மையிலேயே தொந்தரவு தரும். அவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது சமையலோடு பொருத்தம். ட்ரூ ஃபுட் கிச்சனின் பிரபலமான கேல் கீரை சாலட்டில் எலுமிச்சையும் பூண்டும் தூக்கலாக இருக்கும். புளிப்பான உணவுக்கு அதைவிடப் புளிப்புக் குறைந்த ஒயினைக் குடித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். கொழுப்போ இறைச்சியோ இல்லாத தட்டோடு துவர்ப்பு மிகுந்த கேபர்னே சோவின்யோனை வைத்தால் கசப்புதான் மேலே வரும். இஞ்சியும் மிளகாயும் சேர்ந்தால் ஆல்கஹால் காரத்தை இன்னும் கிளப்பிவிடும். இப்படிப்பட்ட சமையலுக்கு வின்யோ வெர்டே, அல்பரீன்யோ, க்ரூனர் வெல்ட்லீனர், ரீஸ்லிங் போன்ற புளிப்புள்ள வெள்ளை ஒயின்கள்தான் கைகொடுக்கும். அவற்றில் பலவற்றுக்கு ஆல்கஹாலும் குறைவு, ஆக நாக்கும் உடம்பும் இங்கே ஒரே பக்கம். கீரையும் தானியமும் பரிமாறும் இடத்தில் ஓக் மரப் பீப்பாயின் வாசனை அடிக்கும் சார்டொனேயும் நாப்பா கேபர்னேயும் பட்டியலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தால், சமையலறையைக் கேட்காமல் போட்ட பட்டியல் அது. சீசன்ஸ் 52-வில் தணலில் வாட்டுவதும், தேவதாரு பலகையில் வைத்துச் சுட்ட சால்மனும் பிரதானம். ஒரெகன் பினோ ந்வார் என்ற சிவப்பு ஒயின் அதற்கு அழகாகப் பொருந்தும். வாயில் கனக்காது, துவர்ப்பு குறைவு, மீனின் கொழுப்பைத் தாங்கும் அளவுக்குப் புளிப்பு.

கிளாஸ் கணக்கில் 52 என்பதன் உண்மையான நன்மை, பாட்டில் வாங்கிய குற்றத்துக்காகக் குடித்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததுதான். இருவர் ஒரு பாட்டில் வாங்கினால் ஆளுக்கு இரண்டரை கிளாஸ். கிளாஸாக வாங்கினால் ஒன்றோடு நிறுத்துவது எளிது. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது: 52 பாட்டில் திறந்து கிடந்தால் எல்லாமே வேகமாகத் தீர்ந்துவிடாது. இரண்டு மூன்று நாள் காற்றுப் பட்ட வெள்ளை ஒயினின் நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்புக்குச் சாயும், நறுக்கி வைத்து மறந்த ஆப்பிளின் வாசனை வரும், வாயில் முடிவு சட்டென்று அறுந்துபோகும். "இதை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். கூட்டம் குறைந்த திங்கள் மதியத்தில் 52-ஐவிட, கிளாஸ் கணக்கில் நன்றாக விற்றுப்போகும் 15 வகை ஒயின் மேல் என்றே சொல்வேன்.

டாக்டர் வைலின் உணவுப் பிரமிடில் சிவப்பு ஒயினுக்கு ஓர் இடம் உண்டு, கறுப்புச் சாக்லேட்டுக்கு ஒரு படி கீழே. விருப்பமிருந்தால் நாளுக்கு ஒன்றிரண்டு கிளாஸ் என்று. உலக சுகாதார நிறுவனமோ 2023 ஜனவரியில், பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. எந்த ஒயின் பட்டியலாலும் இந்த இடைவெளியை மறைக்க முடியாது. அதனால் ஆரோக்கிய உணவகம் ஒயினை மருந்துபோலப் பேசாமல், ருசிக்காக, சிறிய அளவில், எண்ணைக் காட்டிப் பரிமாறட்டும். 75 மில்லி அரைக் கிளாஸை விலையோடு பட்டியலில் போடும் உணவகத்துக்கு, அது ட்ரூ ஃபுட் கிச்சன் வழியில் நடந்தாலும் சீசன்ஸ் 52 வழியில் நடந்தாலும், நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.