ஹலோவீன் ராத்திரிக்கு எந்தப் பேய்ப் படம்? தகரக் கூரை வீட்டிலிருந்து ஒரு அலசல்

ஹலோவீன் மலையகத்தில் நாங்கள் கொண்டாடி வளர்ந்த பண்டிகை இல்லை. கொழும்பில் வேலை பார்க்கும் தம்பி தங்கச்சிமார் வழியாகத்தான் அது தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்தது. 2024இல் தீபாவளியும் ஒக்டோபர் 31ஆம் திகதியே வந்துவிட, லீவில் வந்த பிள்ளைகள் ராத்திரிக்குப் பேய்ப் படம் போட்டே ஆகணும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அன்றைக்கு ஓடியது ‘கான்ஜுரிங்’. அடுத்த வருஷம் அதே வீட்டில், ஏறக்குறைய அதே கூட்டத்தோடு ‘யாவரும் நலம்’ பார்த்தோம். இரண்டில் எது என்று கேட்டால் என் கை யாவரும் நலம் பக்கம்தான். அதற்கான காரணம் படத்துக்குள் பாதி, எங்க கூரையில் பாதி.

‘காஞ்சனா’ வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சிரிக்கலாம், சின்னப் பிள்ளைகளோடும் பார்க்கலாம். ஆனால் டீவியில் திரும்பத் திரும்பப் போட்டு, எந்த இடத்தில் பேய் வரும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

கான்ஜுரிங் நல்ல படம், அதில் சந்தேகமே இல்லை. ஜேம்ஸ் வான் இயக்கி 2013இல் வந்தது. 1971இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டுக்குக் குடிவந்த பெரோன் குடும்பத்தின் கதை. ரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற படம் இல்லை. பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டலைக் கேட்டுக் கேட்டு ஆளைத் தேடும் ஒரு விளையாட்டு அதில் வரும். அந்தத் தாய் நிலவறைப் படியில் இருட்டில் மாட்டிக்கொண்டு தீக்குச்சி உரசும் நேரம், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து தட்டும். அந்தத் தட்டலுக்கு முன்னால் இருக்கிற அமைதிதான் அந்தக் காட்சியின் உயிரே.

அந்த அமைதி எங்க வீட்டில் கிடைக்கவில்லை. ஒக்டோபர் கடைசி என்றால் இங்கே இடைப்பருவ மழைக் காலம். பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் ராத்திரி வரைக்கும் விடாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தகரத்தில் அந்த மழை விழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டும். மெல்லிய சத்தத்தை நம்பி எடுத்த படத்தில் அப்போது முதலில் தொலைவது அந்த மெல்லிய சத்தங்கள்தான்: கதவு கிரீச்சிடுவது, மூச்சு வாங்குவது, மாடியில் யாரோ நடப்பது. நாயகி எதைக் கேட்டுத் திடுக்கிடுகிறாள் என்றே நமக்குப் பிடிபடாது.

சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். இந்த வகைப் படங்களில் அமைதிக்கும் அலறலுக்கும் நடுவில் பெரிய இடைவெளி வைத்திருப்பார்கள். முணுமுணுப்பு காதில் விழும் அளவுக்கு ஏற்றி வைத்தால், அடுத்த அலறல் லயம் முழுக்கக் கேட்கும். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே கைக்குழந்தை இருக்கிறது, விடிந்ததும் பெரட்டுக்கு (காலையில் தோட்டத்து வேலை பிரிக்கும் இடம்) போக வேண்டியவர்கள் படுத்திருக்கிறார்கள். அதனால் ஒருவர் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து கூட்டுவதும் குறைப்பதுமாகவே படம் ஓடியது. எந்த இடத்தில் சத்தம் வெடிக்கும் என்று காத்துக்கொண்டிருப்பவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? ‘எ குவையட் பிளேஸ்’ (2018) இன்னும் மோசமாக அடிபடும். சத்தம் போட்டால் சாவு என்பதுதான் அதன் கதையே. அந்தக் குடும்பம் சைகையால் பேசிக்கொள்கிறது, அந்த நிசப்தம் இல்லாமல் படமே இல்லை.

யாவரும் நலம் இந்தச் சோதனையில் தேறுகிறது. விக்ரம் கே. குமார் இயக்கி 2009இல் வந்தது. மாதவன் கதாநாயகன், ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். அம்மா, அண்ணன், அண்ணி, தங்கச்சி, மனைவி என்று ஒரு கூட்டுக் குடும்பம் பதின்மூன்றாம் மாடியில் புதிதாக வாங்கிய வீட்டுக்குக் குடிபோகிறது. மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. வீட்டுக்குள் வைத்து அவரைப் போனில் படம் எடுத்தால் முகம் கோணிப்போய் விழும். பால் திரிந்துபோகும். பார்வையற்ற பக்கத்து வீட்டுக்காரரின் நாய் வாசலைத் தாண்டி உள்ளே வராது. இதில் ஒன்றுக்காவது காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? எல்லாமே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. கூரையில் எவ்வளவு மழை கொட்டினாலும் அந்த லிஃப்ட் நகராததைப் பார்க்கும்போது வயிறு கலங்கத்தான் செய்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் படத்தின் நடுவே ஓடும் நாடகம். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் டீவி நாடகத்துக்கும் ‘யாவரும் நலம்’ என்றுதான் பெயர். அதில் வரும் குடும்பத்துக்கு நடப்பது இந்தக் குடும்பத்துக்கும் நடக்கிறது. முதலில் வருவதெல்லாம் நல்ல சேதி. சனலை மாற்ற ரிமோட்டை அழுத்தினால் மாறாது. பொழுது சாய்ந்தால் நாடகம் ஓடாத வீடு எங்க லயத்தில் ஏது? பேய்ப் படம் என்றாலே எழுந்து போய்விடும் அப்பாயி, நாடகக் காட்சியைக் கண்டு நிஜ நாடகம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். “இது எத்தன மணிக்குப் போடுறதுடா?” என்றும் கேட்டார். பிறகு அவர் எழும்பவே இல்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கமான நாடகம் தொடங்கியதும், அக்கா மகன் ரிமோட்டை எடுத்து ஒரு தடவை சனலை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தான். கான்ஜுரிங்கில் வரும் நிலவறை எங்க ஊரில் யார் வீட்டிலும் கிடையாது. டீவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். பாட்டுகள் வேகத்தைக் குறைக்கின்றன, தாண்டி விடலாம். கடைசிப் பகுதியில் கொலையும் ரத்தமும் உண்டு, பத்து வயசுக்குக் கீழே உள்ளவர்களை அதற்கு முன்னால் படுக்க வைத்துவிடுங்கள். கழிவறை வெளியே இருக்கிற வீடென்றால் படம் தொடங்க முன்னமே எல்லாரும் ஒரு நடை போய்வந்துவிடுவது நல்லது. இது எந்தப் பேய்ப் படத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவது இடத்தை ‘டிமான்ட்டி காலனி’க்குக் கொடுப்பேன். 2015இல் வந்த அஜய் ஞானமுத்துவின் படம், அருள்நிதி நடித்தது. நான்கு நண்பர்கள் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் புகுந்துவிட்டுத் திரும்பி வந்து, தங்கள் அறைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் துரை (தோட்ட நிர்வாகி) பங்களாவைச் சுற்றிக் கதை கேட்டு வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும். பெடியன்கள் மட்டும் கூடிப் பார்ப்பதென்றால் யாவரும் நலத்தைவிட இதுவே பொருத்தமாக இருக்கலாம். பெரியவர்களோடு உட்கார்ந்து நான் இதைப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

மம்மூட்டியின் ‘பிரமயுகம்’ (2024) கறுப்பு வெள்ளையில் எடுத்த மலையாளப் படம். பயம் என்பதைத் தாண்டி, எனக்கு மிகவும் பிடித்த படம் அது. ஆனால் ஹெட்செட் போட்டுத் தனியாகத்தான் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில், மழைச் சத்தத்தில் அது எடுபடுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சீலிங் அடித்த வீடு, தள்ளித் தள்ளி இருக்கும் அயலவர்கள் என்றால் இந்தக் கணக்கு மாறும். அப்போது கான்ஜுரிங்கைத் தயங்காமல் போடுங்கள், வெளிச்சத்தை எல்லாம் அணைத்துவிட்டு.

எதைப் போட்டாலும் இடி முழங்கினால் டீவி பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும். ஆகவே படத்தை முதல் நாளே லப்டொப்பில் இறக்கி, பற்றரியை முழுசாக சார்ஜ் செய்து வையுங்கள். ஏழரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும்.