பழைய ஆம்ப், பழைய டிவி வைத்திருப்பவர்களுக்கு: கிருஷ்ணகிரி பழையபேட்டை ரிப்பேர் கடை

எழுபதுகளிலோ எண்பதுகளிலோ வாங்கிய நல்ல ஜப்பான் ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்) உங்கள் வீட்டில் சத்தமில்லாமல் கிடந்தால், அதை எடைக்குப் போடுவதற்கு முன் பழையபேட்டையில் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் மூடி கழற்றிய டிவிகள் அடுக்கியிருக்கும், "பழைய ஆம்ப் பார்க்கிற அண்ணன்" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் கொண்டுபோனது, மாமா 1979-ல் சவூதியிலிருந்து வந்தபோது வாங்கிவந்த ஸ்டீரியோ ஆம்ப். சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும், ஆனால் சில நொடிகளில் ரிலே (ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) "டக்" என்று சேர வேண்டும் இல்லையா, அது சேராது, ஸ்பீக்கரில் மூச்சே இருக்காது. முதலில் காட்டிய வேறொரு கடையில் ஐசி (பல பாகங்கள் ஒன்றாக அடங்கிய சில்லு) போய்விட்டது, இனிமேல் கிடைக்காது, வேண்டுமானால் ரிலேயைத் தாண்டி ஒரு ஜம்பர் கம்பி போட்டு நேராக விட்டுத் தருகிறோம் என்றார்கள். இதைக் கேட்டதும் அண்ணன், "யார் சொன்னாலும் அதை மட்டும் செய்ய விடாதீங்க தம்பி" என்றார். அவுட்புட்டில் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) வந்தால் ஸ்பீக்கரைக் காப்பாற்றத்தான் ரிலே சேராமல் நிற்கிறது, அதைத் தாண்டி நேராக விட்டால் அந்த டிசி ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் இறங்கி ஸ்பீக்கரைக் கருக்கிவிடும். அதோடு அந்த ஆம்பில் அவுட்புட் ஐசியே கிடையாது, எல்லாம் தனித்தனி டிரான்சிஸ்டர்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் அளந்து பார்க்கிற பொறுமை. கரண்டை நேராகக் கொடுக்கவில்லை, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டித்தான் சுவிட்சைப் போட்டார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே நிற்கும், மற்ற பாகங்கள் தப்பிக்கும். எங்கள் செட்டில் ஒரு முறை மின்னி மங்கிவிட்டது, ஆகவே மேலே போகலாம் என்று ரிலேக்கு முன்னால் மீட்டர் வைத்தார். இடது பக்கம் சில மில்லிவோல்ட்தான், வலது பக்கம் 20 வோல்ட்டுக்கு மேல். அப்புறம் சர்க்யூட் படம் கூட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் ஸ்டீரியோவில் இரண்டு பக்கமும் ஒரே சர்க்யூட், நல்ல பக்கத்தில் ஒவ்வொரு இடத்திலும் என்ன வோல்டேஜ் வருகிறதோ அதைக் கெட்ட பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

பழுது ஒரு பசையடியில் இருந்தது. அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகள் பலவற்றில் பெரிய கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) ஆடாமல் இருக்க ஒரு பசை போட்டிருப்பார்கள், வருஷம் போகப் போக அது பழுப்பேறிக் கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும், பக்கத்தில் இருக்கிற கால்களையும் அரித்துவிடும். ஒரு ரெசிஸ்டரின் கால் பாதியில் அறுந்தே போயிருந்தது. பசையைச் சுரண்டி எடுத்து, அந்த ரெசிஸ்டரையும் இரண்டு சின்ன டிரான்சிஸ்டர்களையும் மாற்றி, கண்டன்சரின் உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டரில் வைத்துப் பார்த்துக் காய்ந்துபோன கண்டன்சர்களுக்குப் பதில் மட்டும் 105 டிகிரி வெப்பம் தாங்குகிறதாகப் போட்டார். பழைய செட் என்றாலே எல்லாக் கண்டன்சரையும் மாற்றிவிடு என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக இருப்பதைப் பிடுங்கும்போதுதான் போர்டில் செம்புத்தடம் பெயர்கிறது.

அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்ற வேண்டி வந்தால் கவனம் தேவை. சந்தையில் 5200, 1943 என்ற எண்ணுள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டிலும் டூப்ளிகேட் நிறைய. தெரியாத இடத்தில் அவர் வாங்குவதில்லை, அதனால் பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மொத்தம் 3,600 ரூபாய் ஆனது, கழற்றிய பாகங்களையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

டிவி விஷயத்திலும் நேர்மையான ஆள்தான். நான் இருக்கும்போதே ஒருவர் டிரினிட்ரான் டிவியை (சோனியின் பழைய படக்குழாய் டிவி) கொண்டுவந்து, வெள்ளைத் திரையில் குறுக்கே இரண்டு மெல்லிய கோடு தெரிகிறது, டியூப் போய்விட்டதா என்று கேட்டார். அது பழுதே இல்லை, டியூபுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளின் நிழல், புதிதாக வாங்கும்போதே இருந்திருக்கும் என்று சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். பிளாஸ்மா டிவியில் பவர் சப்ளை, கண்டன்சர் வேலை என்றால் எடுத்துக்கொள்கிறார். பேனல் போயிருந்தால் செலவு செய்யாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

குறை உண்டு. போனை எடுப்பதே இல்லை. சொன்ன தேதிக்குக் கிடைக்காது, எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. செட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மூடாமல் வைக்கிறார், முன்பக்க அலுமினியத்தில் கீறல் விழாதிருக்க நீங்களே ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கொடுங்கள். கேரண்டியும் வாய்ச்சொல்தான், மூன்று மாதம் என்றார்.

காலையில் பத்தரைக்கு மேல் போனால் ஆள் இருப்பார். ஸ்பீக்கரைத் தூக்கிப் போக வேண்டாம், ஆம்ப் மட்டும் போதும். தர்மபுரி, ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ் பார்சலில் அனுப்பாமல் நேரில் எடுத்து வாருங்கள், அந்த டிரான்ஸ்ஃபார்மர் எடைக்கு ஒரு குலுக்கலிலேயே போர்டு விரிசல் விட்டுவிடும்.