வழக்கு நடக்கும்போதே எங்கள் வீட்டை விற்றுவிட்டார்கள்

பினாங்கில் குடும்பச் சொத்துக்காக வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள்.

ஜெலுத்தோங்கில் இருக்கும் வீடு தாத்தா காசில் வாங்கியது. கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) மட்டும் சித்தப்பா பெயர். தாத்தா காலமானதும் சித்தப்பா பங்கு தர மறுக்க, அப்பாவும் அத்தையும் வழக்குப் போட்டார்கள். லோயர் கேவியட் போட்டார், அதாவது வீட்டைப் பெயர் மாற்ற முடியாதபடி நிலப் பதிவேட்டில் ஒரு தடைக் குறிப்பு. அதுவரை சரி. அப்புறம் வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. எப்போது கேட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான்: "கேவியட் இருக்கு, யாராலும் விற்க முடியாது."

ஒரு நாள் அந்தப் பக்கம் போன அத்தை, கூலியாட்கள் வாசல் நிலையைப் பெயர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறிப் போனார். கொம்தாரில் உள்ள நில அலுவலகத்தில் உடனே தேடல் போட்டோம், அதாவது வீட்டின் பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பெயர். கேவியட் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தேசிய நிலச் சட்டப்படி தனியார் கேவியட்டின் ஆயுள் ஆறே ஆண்டுகள். வழக்கு அதைத் தாண்டி இழுக்கும் என்று தெரிந்தால், வீட்டை விற்கக் கூடாதென்று நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க வேண்டும். இதைச் செய்யத்தானே லோயருக்குப் பணம் கொடுத்தோம்? காலாவதியான பிறகும் "இருக்கு" என்றே சொல்லியிருக்கிறார். என் மனசு ஆறாதது இதில்தான். உங்கள் லோயர் என்ன சொன்னாலும் சரி, அவ்வப்போது நீங்களே தேடல் போட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பக் கிடைக்கும் என்று முதலில் நம்பினோம். தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் பினாங்கு நிலத்தை ஆள்மாறாட்டம் செய்து விற்ற பூன்சோம் வழக்கில், 2000-இல் கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்று 2010-இல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றமே சொன்னதுதான் எங்கள் நம்பிக்கைக்குக் காரணம். ஆனால் அது போலிக் கையெழுத்து விவகாரம். எங்கள் வழக்கில் பதிவில் இருந்த உரிமையாளரே கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார். வாங்கியவரும் மோசடிக்கு உடந்தை என்று நிரூபித்தால்தான் வீட்டைக் கேட்க முடியும் என்கிறார் புதிய லோயர். அந்த மனிதர் முறைப்படி தேடல் போட்டு, முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது விற்ற பணத்தில் பங்கு கேட்டு சித்தப்பா மேல் வழக்கைத் திருத்தியிருக்கிறோம். பழைய லோயர் மீது வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். "கேவியட் இருக்கு" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அப்பா ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார்.