ஏழு வருடம், ஒரே லேசர் படகு: கிளப் பந்தயத்தில் பார்த்ததும் பட்டதும்

நான் முதலில் வாங்கியது லேசர் என்ற ஒற்றை ஆள் பாய்மரப் படகு இல்லை. இரண்டு பேர் ஓட்டும், அதைவிட வேகமான பாய்மரப் படகு ஒன்று. எங்கள் கிளப்பில் அந்த ரகம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் ஒவ்வொரு பந்தயமும், வேறு வேறு ரகப் படகுகளைச் சமன்படுத்தும் ஹேண்டிகேப் கணக்கில்தான். எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்த ரகத்துக்கென்று இருக்கும் எண்ணால் வகுத்தால் வருவதுதான் நம் நேரம். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டுவேன். பாயைச் சுருட்டி முடிக்கும்போது ஐந்தாம் இடம் என்பார்கள். தோற்றது என்னாலா, படகாலா, அந்த எண்ணாலா என்று ஒரு சீசன் முழுக்கப் பிடிபடவில்லை. துணை ஆள் வராத நாளில் படகு கரையிலேயே கிடந்தது வேறு கதை.

அதை விற்றுவிட்டு, கிளப்பில் பதினைந்து பேர் ஓட்டிக்கொண்டிருந்த லேசருக்கு மாறினேன். வேகத்துக்காக இல்லை, கூட்டத்துக்காக.

படகு வடிவமைப்பாளர் புரூஸ் கெர்பி 1969-ல் தொலைபேசியில் பேசிக்கொண்டே வரைந்த ஒரு கிறுக்கலில் இருந்து வந்த வடிவம் இது. நீளம் 4.2 மீட்டர், வெறும் உடல் ஏறக்குறைய 59 கிலோ, ஒரே பாய், ஒரே ஆள். 1996 முதல் ஒலிம்பிக்கிலும் உண்டு. வணிகப் பெயர் தகராறுக்குப் பிறகு ஐஎல்சிஏ என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் லேசர்தான்.

ஒரே உடலில் மூன்று அளவுப் பாய் போடலாம்: 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். நான் 66 கிலோ. பெரிய பாய் 80 கிலோவை ஒட்டியவர்களுக்குத்தான் பொருந்தும் என்று சொன்னார்கள். கேட்கவில்லை, வீம்பு. இரண்டு சீசன் அடி வாங்கினேன். காற்று ஏறினால் படகுக்கு வெளியே முழு உடம்பையும் தொங்கவிட்டாலும் போதாது. பாயைத் தளர்த்தித் தளர்த்தியே ஓட்ட வேண்டும், எதிர்க்காற்றில் எல்லோரும் தாண்டிப் போவார்கள். பின்காற்றில் இன்னும் மோசம். பூமை, அதாவது பாயின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் கிடைக் கம்பத்தை, 90 டிகிரிக்கு மேல் விட்டுவிட்டால் படகு இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், மூன்றாவது ஆட்டத்தில் நம் பக்கமே கவிழ்ந்து தலையில் விழும். மூன்றாம் வருடம் நடுப் பாய்க்கு இறங்கினேன். பாயும் பாய்மரத்தின் கீழ்க் கம்பமும்தான் மாற்ற வேண்டியிருந்தது, படகு அதே. காற்றடிக்கும் நாட்களில் என் இடம் மேலே வந்தது அன்றிலிருந்துதான்.

பழைய படகு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாய்மரம் இறங்கும் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் அடியில் விரிசல். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள். நான் ஊற்றிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பந்தயம் முடிந்தும் பின்பக்கத் தக்கையைத் திறந்தால் தண்ணீர் கொட்டும்; தக்கைதான் சரியில்லை என்று நினைத்து அதையே மூன்று முறை மாற்றினேன். கடைசியில் மேல்தளத்தில் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே கைவிட்டுப் பூசி, மூடி பொருத்த வேண்டியதாயிற்று. மேல்தளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பதும், மேல் கம்பத்தைக் கண்ணருகே பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே கணக்கில்தான்.

ஏழு வருடமாகத் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்று. பின்காற்றில் பூமை மறுபக்கம் மாற்றும்போது, பாயை இழுக்கவும் தளர்த்தவும் உள்ள மெயின்ஷீட் கயிறு படகின் பின்மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். பூம் நகர ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் கயிற்றை வெடுக்கென்று ஒருமுறை இழுத்துவிட வேண்டும். பத்தில் ஒன்பது தடவை தப்பிக்கலாம். பத்தாவது தடவை பந்தயப் பாதையின் மிதவையைச் சுற்றும்போது, எல்லோரும் பார்க்க, தண்ணீருக்குள்.

கற்றுக்கொண்டதில் பாதி பக்கத்துப் படகைப் பார்த்துத்தான். எங்களில் மூத்தவர் ஒருவர், துணி தொய்ந்துபோன பாயை வைத்துக்கொண்டே எங்களை எல்லாம் தாண்டிப் போவார். எப்படி சார் என்று கேட்டேன். “உன் பாயைப் பார்க்காதே, என் மூக்கைப் பார்” என்றார். இருவரும் ஒரே பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது தள்ளி இருக்கும் படகின் மூக்கு திடீரெனக் காற்றிலிருந்து விலகித் தாழ்ந்தால், அங்கே காற்று திசை மாறிவிட்டது என்று பொருள். அது நம்மிடம் வந்ததும் மறுபக்கம் திரும்பிவிட வேண்டும். வேறு வேறு ரகப் படகுகளுக்கு நடுவே இதைப் பார்த்தால் காற்றா, படகின் குணமா என்று சந்தேகம் வரும். ஒரே ரகத்தில் அந்தச் சந்தேகத்துக்கே வேலையில்லை.

புறப்படுவது மற்ற இடங்களைப் போலத்தான்: ஐந்து நிமிடம், நான்கு, ஒன்று, பூஜ்யம் என்று சைகைகள். வலப்பக்கக் காற்றில் ஓடும் படகுக்குத்தான் முன்னுரிமை; அவர் “ஸ்டார்போர்ட்!” என்று கத்தினால் இடப்பக்கக் காற்றில் எதிரே வருபவர் வழிவிட வேண்டும், தவறினால் படகை இரண்டு சுற்றுச் சுற்றும் தண்டனை. யாரும் புகார் எழுதுவதில்லை, தப்பு செய்தவரே சுற்றிவிடுவார். வாராந்திரப் பந்தயத்தில் மலிவான நகல் பாய்க்கும் அனுமதி உண்டு, வெளிப் போட்டிக்கு மட்டும் லேசர் வகுப்பின் அதிகாரபூர்வ முத்திரை உள்ள பாய். இந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் பாதிப் பேர் எப்போதோ நின்றிருப்பார்கள்.

முட்டி, இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இந்தப் படகை நான் சொல்ல மாட்டேன். 2014-ல் வந்த ஆர்எஸ் ஏரோ என்ற இன்னொரு ஒற்றை ஆள் படகை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். உடல் ஏறக்குறைய 30 கிலோதான், கரையில் இழுக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. இறங்க மனசே வரவில்லை. எங்கள் கிளப்பில் அது இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதை வாங்கி மறுபடி அந்த ஹேண்டிகேப் கணக்குக்குள் போக நான் தயாரில்லை. இந்த சீசனுக்கு வாங்கியது மெல்லிசான புது மெயின்ஷீட் ஒன்று. மாட்டாது என்றுதான் சொல்லி விற்றார்கள். போன வாரம் அதே மூலையில் மாட்டியது.